பழைய அரங்கு, புதிய ஒலி: ஸ்பீக்கர் வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

படம் ஓடிக்கொண்டிருக்கிறது. கதாநாயகன் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்கிறான். அரங்கில் பாதிப்பேர் சிரிக்கிறார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மூதாட்டி பக்கத்திலிருக்கும் பேரனைத் தட்டி, “என்னய்யா சொன்னான்?” என்று கேட்கிறார். பேரன் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வசனமும் போய்விடுகிறது.

ஈப்போவில் சிலிபின், புந்தோங் பக்கத்திலிருந்து படம் பார்க்க வரும் மூத்தவர்களில் பலர் தோட்டத்தில் பிறந்து, பால்மரம் வெட்டி, பிறகு டவுனுக்குக் குடிவந்தவர்கள். திரையின் அடியில் ஓடும் மலாய் எழுத்தை இளையவர்கள் ஓரக்கண்ணால் படித்துக் கொள்வார்கள். இவர்களில் பலருக்கு அந்த வசதி கிடையாது. காதில் விழுந்தால்தான் கதை. ஆகவே பழைய அரங்கு ஒன்றைப் புதுப்பிக்கும்போது எந்த ஸ்பீக்கரை வாங்குவது என்பது இயந்திரக்காரரின் விவகாரம் மட்டுமல்ல. யார் படம் பார்க்க முடியும், யார் பார்க்க முடியாது என்பதையே அது முடிவு செய்துவிடுகிறது.

புதுப்பிக்கும் வேலை பெரும்பாலும் எப்படி நடக்கிறது? முதலில் நாற்காலி, பிறகு சாயம், பிறகு குளிர்சாதனம், வாசலில் விளக்கு. கடைசியில் கையில் மிஞ்சிய வெள்ளிக்கு ஸ்பீக்கர். அதையும் கடையில் போய், “எது சத்தமாக இருக்கும்?” என்று கேட்டு வாங்கி வருகிறார்கள். சத்தம் கிடைத்துவிடுகிறது, வசனம் கிடைப்பதில்லை. இரண்டும் வேறு வேறு என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

மனிதப் பேச்சில் உயிரெழுத்துக்களின் பலம் பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும். சொல்லைச் சொல்லாக்கும் மெய்யெழுத்துக்களின் வெடிப்பும் உரசலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலும் அதற்கு மேலும் இருக்கும். கட்டை, சட்டை, தட்டை, பட்டை, மட்டை ஆகிய ஐந்து சொற்களும் முதல் மெய்யில் மட்டுமே வேறுபடுகின்றன. அந்த ஒரு துளி ஒலி மங்கிவிட்டால் ஐந்தும் ஒன்றுதான். வயது ஏற ஏற மனிதக் காது முதலில் இழப்பதும் இந்த மேல்பகுதியைத்தான். தரைதான் அதிர வேண்டும் என்று பாஸ் பெட்டிகளை அடுக்குபவர்கள், பேரனுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுப் பாட்டியை மறந்தவர்கள்.

தோட்டத்துக் குழாய் சொல்லும் பாடம்

தோட்டங்களில் திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலம் பலருக்கும் நினைவிருக்கும். லோரியில் வந்திறங்கும் புரொஜெக்டர், ஒரு சின்ன ஆம்பிளிஃபயர், கம்பத்தின் உச்சியில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி. லயத்து வாசலில் பாயைப் போட்டுப் படுத்திருந்தவர்களுக்கும் வசனம் தெளிவாகக் கேட்டது. பாஸ் என்ற பேச்சே அதில் கிடையாது, பாட்டு தகரத்தில் தட்டியது போலத்தான் இருக்கும். ஆனாலும் சொல் புரிந்தது.

காரணம் குழாயின் வடிவம். சிறிய வாயில் தொடங்கி அகன்று விரியும் குழாய், அதிரும் தகட்டின் அசைவைக் காற்றோடு இணக்கமாகச் சேர்த்து, ஒலியைக் குறிப்பிட்ட திசையில் செலுத்துகிறது. அன்றைய வால்வு ஆம்பிளிஃபயர்கள் தந்த சக்தி மிகக் குறைவு. அந்தச் சில வாட்டை வைத்துக் கொண்டு ஆயிரம் பேருக்குக் கேட்க வைக்க வேண்டிய கட்டாயத்தில்தான் உலகெங்கும் திரையரங்குகள் குழாய் ஸ்பீக்கரை நம்பின. 1945-இல் அமெரிக்காவில் ஆல்டெக் லான்சிங் நிறுவனம் ‘வாய்ஸ் ஆஃப் த தியேட்டர்’ என்ற வரிசையைக் கொண்டுவந்தபோது, கீழ் ஒலிக்குப் பெரிய கூம்பும் மேல் ஒலிக்குக் குழாயும் வைத்த இருவழிப் பெட்டியாக அது இருந்தது. இன்று ஆம்பிளிஃபயர் மலிந்துவிட்டது. ஆயினும் திரைக்குப் பின்னால் நிற்கும் ஸ்பீக்கர்களின் தலையில் குழாய் இன்னமும் இருக்கிறது. ஒலியை இருக்கைகளின் மேல் விழச் செய்து, சுவரிலும் கூரையிலும் வீணாக மோதாமல் காப்பது அதன் வேலை.

முதலில் அறை, பிறகுதான் பெட்டி

1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபம் ஒன்று பெரிய தலைவலியாக இருந்தது. பேராசிரியர் ஒரு சொல் சொன்னால் அது ஐந்து நொடிக்கு மேல் மண்டபத்தில் சுற்றிக் கொண்டிருக்கும். அதற்குள் பத்துப் பதினைந்து சொற்கள் வந்து அதன் மேல் ஏறிவிடும். இதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபின் என்ற இளம் ஆசிரியரிடம் வந்தது. பக்கத்தில் நல்ல ஒலியமைப்புக்குப் பெயர் பெற்ற சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை ஊர் அடங்கிய இரவுகளில் சுமந்து வந்து, சிலவற்றைப் போட்டு ஒருமுறை, இன்னும் சிலவற்றைப் போட்டு ஒருமுறை என்று எதிரொலி அடங்கும் நேரத்தை அளந்தார். விடியுமுன் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிடுவார். அந்த மெத்தைகளிலிருந்து பிறந்த சூத்திரத்தைத்தான் இன்றும் எல்லாரும் பயன்படுத்துகிறார்கள்: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், எதிரொலி அடங்கும் நேரம் நொடியில் கிடைக்கும்.

நம் ஊர் அளவில் ஒரு மண்டபத்தை எடுத்துக் கொள்ளலாம். நீளம் 24 மீட்டர், அகலம் 15, உயரம் 8, நானூறு இருக்கை. கன அளவு 2,880 கனமீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்து 1,344 சதுரமீட்டர். சிமெண்டுப் பூச்சும் பலகை நாற்காலியுமாக இருந்தால், பரப்பில் பத்தில் ஒரு பங்குதான் ஒலியை உறிஞ்சும் என்று வைத்துக் கொண்டாலும், உறிஞ்சும் பரப்பு சுமார் 134 சதுரமீட்டர். கணக்குப் போட்டால் ஏறத்தாழ மூன்றரை நொடி வருகிறது. இந்த அளவுள்ள திரையரங்குக்கு ஒரு நொடிக்குக் கீழே இருக்க வேண்டும்.

இந்த மண்டபத்தில் உலகத்தின் விலை உயர்ந்த ஸ்பீக்கரைக் கொண்டுவந்து வைத்தாலும் வசனம் கேட்காது. சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் அதே அளவு கூடும். அதற்குப் பதிலாக நானூறு மெத்தை இருக்கைகள் போட்டு, பின்சுவர் முழுவதும் பக்கச் சுவர்களில் பாதியுமாக 300 சதுரமீட்டருக்குக் கண்ணாடிப் பஞ்சு வைத்துத் துணி போர்த்தினால், நேரம் ஒரு நொடிக்குக் கீழே இறங்கிவிடும். பின்சுவருக்கு முதலிடம் கொடுக்க வேண்டும். திரைக்குப் பின்னாலிருந்து வரும் ஒலி அதில்தான் நேராக மோதித் திரும்பி வருகிறது. மெல்லிய திரைச்சீலை தொங்கவிட்டால் போதும் என்று சொல்வோர் உண்டு. மெல்லிய சீலை மேல் ஒலியை மட்டும் தின்றுவிட்டு, உறுமலை அப்படியே விட்டுவிடும். இருந்த தெளிவும் போய்விடும்.

இன்னொன்று தகரக் கூரை. ஈப்போவில் பிற்பகல் மழை எப்படிப் பெய்யும் என்பது ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கூரைக்கும் உட்கூரைக்கும் இடையே கனமான பஞ்சு இல்லாவிட்டால், மழை பெய்யும் அரைமணி நேரம் படம் ஊமைப்படம்தான். குளிர்சாதனத்தின் இரைச்சலும் இதே கணக்கில் சேரும். புந்தோங் கச்சாங் பூத்தே பொட்டலத்தின் சரசரப்பை மட்டும் யாராலும் தடுக்க முடியாது!

வாட் மயக்கம்

கடைகளில் பெட்டியின் மேல் 5,000 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். கீழே பொடியெழுத்தில் ‘பிஎம்பிஓ’ என்றிருக்கும். கண நேர உச்சத்தை எப்படியெல்லாமோ பெருக்கி எழுதிய எண் அது. அளவுக்கு நம்பத்தக்கது தொடர்ந்து தாங்கும் சக்தி. அதைவிட முக்கியமானது, பலரும் கேட்க மறக்கும் எண்: ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் தருகிறது என்பது. இதைத்தான் உணர்திறன் என்கிறார்கள்.

திரையரங்குகளுக்கான அளவுமுறையில், ஒலிக்குமிழ் 7-இல் நிற்கும்போது திரைக்குப் பின்னுள்ள ஒவ்வொரு ஸ்பீக்கரும், அரங்கின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளியிருக்கும் இருக்கையில் 85 டெசிபல் தர வேண்டும். திடீரென வரும் உச்சங்களுக்கு இன்னும் 20 டெசிபல் இடம் இருக்க வேண்டும். அதாவது 105. மேற்சொன்ன மண்டபத்தில் அந்த இருக்கை 16 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். ஒன்று இரண்டாகி, நான்காகி, எட்டாகி, பதினாறாகும்போது 24 டெசிபல் போய்விடுகிறது. ஆகவே ஒரு மீட்டரில் 129 டெசிபல் வேண்டும்.

உணர்திறன் 98 உள்ள பெட்டிக்கு இதற்கு ஏறத்தாழ 1,250 வாட் தேவை. 104 உள்ள பெட்டிக்கு 320 வாட் போதும். 92 மட்டுமே உள்ள வீட்டு வகைப் பெட்டிக்கு 5,000 வாட் தேவைப்படும். அத்தனையை ஊற்றினால் அதன் சுருள் கருகிப் போகும். மூடிய அரங்கில் சுவர்கள் கொஞ்சம் கைகொடுப்பதால் உண்மையில் இவ்வளவு தேவைப்படாது. துளையிட்ட திரை அதில் கொஞ்சத்தைத் திருப்பி எடுத்துக் கொள்ளும். ஆனாலும் விகிதம் மாறாது. உணர்திறனில் 6 டெசிபல் கூடுதலாக உள்ள ஸ்பீக்கர், ஆம்பிளிஃபயர் செலவை நான்கில் ஒரு பங்காக்குகிறது. விலைப்பட்டியலில் அது சற்றுக் கூடுதலாகத் தெரிந்தாலும் மொத்தக் கணக்கில் மலிவு.

நடுவில் ஒன்று வேண்டும்

திருமண மண்டபத்திலும் கோயில் திருவிழாவிலும் மேடையின் இரண்டு பக்கமும் இரண்டு அடுக்குப் பெட்டி வைத்துப் பழகியவர்கள், திரையரங்குக்கும் அதையே சிபாரிசு செய்கிறார்கள். புதுப்பிப்பில் நேரும் பிழைகளில் இதுவே பெரியது எனலாம். படத்தில் வசனம் நடு ஸ்பீக்கருக்கென்று பதிவு செய்யப்படுகிறது. நடுவில் பெட்டி இல்லாமல் இரண்டு பக்கமும் பிரித்துக் கொடுத்தால், சரியாக நடுவில் உட்கார்ந்தவருக்கு மட்டும்தான் குரல் நடிகரின் வாயிலிருந்து வரும். இடப்பக்க ஓரத்தில் இருப்பவருக்கு இடப்பக்கச் சுவர் பேசும். இரண்டு பெட்டியின் ஒலியும் வெவ்வேறு நேரத்தில் வந்து ஒன்றையொன்று வெட்டிக் கொள்வதால் மெய்யெழுத்துக்கள் மங்கும். கையில் பணம் குறைவென்றால் பக்கப் பெட்டிகளின் விலையைக் குறைக்கலாம், சரவுண்டைக் குறைக்கலாம். நடு ஸ்பீக்கரில் மட்டும் கைவைக்கக் கூடாது. அது துளையிட்ட திரைக்குப் பின்னால், திரையின் உயரத்தில் பாதிக்கு மேல் நிற்க வேண்டும். குழாயின் பார்வை பின்வரிசையை நோக்கியிருக்க வேண்டும். மாடி உள்ள பழைய அரங்குகளில் மாடிக்குக் கீழே உள்ள வரிசைகளுக்கு மேல் ஒலி போய்ச் சேர்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். ‘நல்ல இடம்’ என்று பெரியவர்கள் அங்கேதான் உட்காருவார்கள்.

அதே அரங்கில் பள்ளி விழாவும் நாடகமும் நடத்த வேண்டுமென்றால், மேடைக்குத் தனியாகச் சிறிய ஸ்பீக்கர்கள் வைப்பதே நல்லது. மைக் வைத்திருப்பவர் ஸ்பீக்கருக்கு முன்னால் நின்றால் ஊளைச் சத்தம் எழும். திரைக்குப் பின்னுள்ள பெட்டியை மேடைக்கும் பயன்படுத்தும் அரங்குகளில் தலைவர் உரையைவிட இந்த ஊளையே அதிகம் கேட்கும்.

பக்கச் சுவர்களிலும் பின்சுவரிலும் இருக்கும் சரவுண்ட் ஸ்பீக்கர்களுக்கு ஒரு நுட்பம் உண்டு. ஒலி ஒரு நொடியில் சுமார் 345 மீட்டர் போகிறது. 24 மீட்டர் அரங்கின் பின்வரிசைக்குத் திரையிலிருந்து ஒலி வர ஒரு நொடியில் பதினான்கில் ஒரு பங்கு ஆகும். தலைக்கு மேலுள்ள சரவுண்டோ உடனே பேசிவிடும். முதலில் வந்த ஒலியின் திசையைத்தான் காது நம்பும். ஆகவே சரவுண்டைச் சற்றுத் தாமதப்படுத்தி ஒலிக்கச் செய்ய வேண்டும். இதை அமைக்காத அரங்குகளில் பின்வரிசைக்காரர்கள் படம் முழுவதும் முதுகுப் பக்கம் திரும்பிப் பார்த்துக் கொண்டிருப்பார்கள்.

பெட்டி பழசாகாது, பெயர்தான் மாறும்

1931-இல் ‘காளிதாஸ்’ பேசத் தொடங்கியதிலிருந்து தமிழ்த் திரையின் ஒலி பல பெயர்களைச் சூடியிருக்கிறது. 1986-இல் ‘மாவீரன்’ 70 எம்எம் படமாக ஆறு தட ஒலியோடு வந்தது. 1995-இல் ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோவைக் கொண்டுவந்தது. அதன் பின் டிடிஎஸ் வந்து, ஒலிக்கென்று தனி வட்டுகள் அரங்குகளுக்குப் போயின. 2012-இல் ‘சிவாஜி 3டி’ டால்பி அட்மோஸிலும், 2013-இல் ‘விஸ்வரூபம்’ ஆரோ 3டியிலும் வந்தன. டிஜிட்டல் புரொஜெக்டர் வந்தபின் அந்த வட்டுப் பெட்டிகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதில் பணம் போட்டவர்களிடம் இன்று அது தூசி படிந்து கிடக்கும். ஆனால் அதே காலத்தில் வாங்கிய நல்ல திரை ஸ்பீக்கர் இன்றும் உழைத்துக் கொண்டிருக்கலாம். பெயர்ப்பலகைக்காக வாங்கும் கருவிக்குக் குறைவாகவும், பெட்டிக்கும் அறைக்கும் கூடுதலாகவும் செலவிட வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அட்மோஸ் வேண்டுமா? 64 ஸ்பீக்கர் வரை தனித்தனியாகப் பேச வைக்கக்கூடிய முறை அது. கூரையிலும் வரிசையாகப் பெட்டி தொங்க வேண்டும். பழைய அரங்கின் கூரைச் சட்டம் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்பதைக் கட்டடப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். நானூறு இருக்கை கொண்ட ஓர் அரங்குக்கு ஒழுங்காக அமைத்த 5.1 அல்லது 7.1 போதுமானது. பின்னாளில் வேண்டுமென்றால் இழுத்துக் கொள்ளலாம் என்று சுவருக்குள் காலிக் குழாய்களை மட்டும் இப்போதே பதித்து வைப்பது புத்திசாலித்தனம்.

நம் நாட்டு வெப்பமும் ஈரமும் வேறு. கூம்பின் விளிம்பில் நுரைப் பஞ்சு வைத்த ஸ்பீக்கர்கள் பத்துப் பதினைந்து ஆண்டில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். துணி அல்லது ரப்பர் விளிம்பு நீண்ட நாள் தாங்கும். இடிமின்னல் அதிகம் விழும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று என்பதால், நல்ல தரையிணைப்பும் மின்னழுத்தப் பாதுகாப்பும் இல்லாத ஆம்பிளிஃபயர் அறை ஒரே மழையில் காலியாகலாம். எலி கடிக்கும் கம்பிகளுக்கு உலோகக் குழாய் வேண்டும். குழாய் ஸ்பீக்கரின் உள்தகடு கருகினால் மாற்றுத் தகடு கோலாலம்பூரிலோ ஈப்போவிலோ கிடைக்குமா, எத்தனை நாளில் கிடைக்கும் என்பதை விலை பேசும்போதே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். எந்த நாட்டுப் பெயராக இருந்தாலும் சரி, உதிரிப் பாகம் கிடைக்காத ஸ்பீக்கர் ஒரு மரப்பெட்டிதான்.

சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள், ஏன்?

1983-இல் ‘ரிட்டர்ன் ஆஃப் த ஜெடாய்’ வெளியானபோது லூக்காஸ் ஃபிலிம் நிறுவனம் டிஎச்எக்ஸ் என்ற தரமுறையை அறிமுகப்படுத்தியது. டாம்லின்சன் ஹோல்மன் என்ற பொறியாளர் வகுத்தது. ஸ்டூடியோவில் கேட்டது அரங்கில் கேட்கவில்லை என்பதே அதன் பின்னணி. அந்தத் தரமுறை ஸ்பீக்கரை மட்டும் பார்க்கவில்லை, அறையின் எதிரொலி, குளிர்சாதன இரைச்சல், அடுத்த அரங்கிலிருந்து கசியும் ஒலி என எல்லாவற்றுக்கும் எல்லை வகுத்தது.

இன்றும் பல அரங்குகளில் ஒலிக்குமிழ் 7-இல் நிற்பதில்லை. ஐந்துக்கோ அதற்கும் கீழேயோ இறங்கிவிடுகிறது. விளம்பரமும் முன்னோட்டமும் காதைப் பிளக்கின்றன என்று யாராவது புகார் செய்கிறார்கள். ஊழியர் குறைக்கிறார், படம் தொடங்கியதும் கூட்ட மறந்துவிடுகிறார். இன்னொரு காரணமும் உண்டு. சக்திக்கு மீறி உழைக்கும் மட்டமான ஸ்பீக்கர் கரகரக்கும். கரகரப்பைக் காது ‘அதிக சத்தம்’ என்றே எடுத்துக் கொள்கிறது. குறைத்தால் கரகரப்பு போகிறது, கூடவே வசனமும் போகிறது. நல்ல ஸ்பீக்கர் அதே அளவில் ஒலித்தாலும் யாரும் காதைப் பொத்துவதில்லை.

ஆகவே பொருத்தி முடித்ததோடு பணத்தைக் கொடுத்துவிடக் கூடாது. அருவி போல் இரையும் ‘பிங்க் நாய்ஸ்’ என்ற சோதனை ஒலியை ஓடவிட்டு, ஒரே இடத்தில் இல்லாமல் பல இருக்கைகளில் மைக் வைத்து அளந்து, ஒவ்வொரு ஸ்பீக்கரின் அளவையும் தாளில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். அந்தத் தாளை ஆம்பிளிஃபயர் அறையில் ஒட்டி வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி அளந்து ஒப்பிட வேண்டும்.

கருவி அளப்பது ஒருபுறம். செலவே இல்லாத சோதனை ஒன்றும் உண்டு. தொலைபேசி நிறுவனங்கள் நூறு ஆண்டுக்கு முன்பே கையாண்ட வழி அது. கட்டை, சட்டை, தட்டை, பட்டை, மட்டை போன்ற சொற்களை முன்பின்னாகக் கலந்து ஐம்பது வரை பதிவு செய்து, நடு ஸ்பீக்கரில் சாதாரணப் பேச்சளவில் ஒலிக்கச் செய்ய வேண்டும். குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அரங்கின் நான்கு மூலையிலும், மாடிக்குக் கீழேயும், கடைசி வரிசையிலும் ஆட்களை உட்கார வைத்துக் காதில் விழுந்ததைச் சொல்லச் சொல்லி எழுதிக் கொள்ள வேண்டும். குழு உறுப்பினர்களும் கடைக்காரரும் மட்டும் உட்கார்ந்தால் போதாது. அறுபது வயதைத் தாண்டிய ஐந்தாறு பேரைக் கண்டிப்பாக அழைக்க வேண்டும். கடைசி வரிசையில் உட்கார்ந்த பாட்டி ‘சட்டை’யைச் ‘சட்டை’ என்றே சொன்னால், மீதிப் பணத்தைக் கொடுத்துவிடலாம்.